விற்ற பொருள்

ஐப்பசி பத்துக்கு மேல்
என் கடையில் பெயின்ட் நகராது.
பித்தளைக் கொண்டி, குளியலறைக் குழாய் எல்லாம்
பின் அலமாரிக்குப் போய்விடும்.
முன்னால் வந்து நிற்பவை
நைலான் கயிறு, ஜே போல்ட், தார் வாஷர்,
நீலத் தார்ப்பாய்,
மூடி இறுகிய இருபது லிட்டர் வாளி.

தேவகோட்டையிலிருந்து கடல் தெரியாது.
தொண்டி பஸ்ஸில் ஏறி
ஒரு தூக்கம் போட்டு எழ வேண்டும்.
ஆனாலும் வங்காள விரிகுடாவில்
என்னவோ சுழல்கிறது என்று இரவுச் செய்தியில் வந்தால்
காலையில் ஷட்டரைத் தூக்குமுன்
ஆள் நிற்கும்.

முன்பெல்லாம் இப்படியில்லை.
கார்த்திகை முழுக்க ஒரு கட்டுக் கயிறு போனால் அதிகம்.
இப்போது கடன் நோட்டைப் புரட்டினால்
தேதி பார்க்க வேண்டாம்:
கஜா - ஓடு நானூறு, பாக்கி.
புரெவி - தார்ப்பாய் பன்னிரண்டு, வரவு.
பேர் வைப்பதற்குள் கலைந்தது - கயிறு மூன்று கட்டு.

பெரிய வீட்டு வாட்ச்மேன் சேவுகன் வருவார்.
பினாங்கிலிருந்து முதலாளி வீடியோவில் வந்து
தார்ப்பாயை விரித்துக் காட்டச் சொல்வார்.
நாற்பதுக்கு முப்பது, முற்றத்துக்கு.
பில் போடுமுன் பணம் வந்து போன் அலறும்.
போனை அணைத்த பிறகு சேவுகன்
தன் வீட்டுக்கு அரைக் கிலோ கட்டுக்கம்பி கேட்பார்.
அது வேறு பக்கத்தில், பென்சிலில்.

எங்கள் ஆட்கள் கடலுக்குப் பயந்து வந்தவர்கள் என்பார்கள்.
ஆள் உயரத்துக்குத் தளம் எழுப்பி
அதன் மேல் வீடு.
தண்ணீருக்குப் படி எண்ணத் தெரியும்.
காற்றுக்கு எங்கே தெரிகிறது?

இந்த வருஷம் செகுதூன் பீவி வந்தாள்,
தொண்டிக்கும் அப்பால் ஒரு குடியிருப்பு.
தகரக் கூரை, எட்டு ஷீட்.
காற்று நடுவில் கைவைக்காது பீவி,
முந்தானையைத்தான் முதலில் இழுக்கும் என்றேன்.
ஓரத்தில் ஒவ்வொரு நெளிவுக்கும் ஒரு போல்ட் போடு,
கயிற்றை மேலே வீசிக் கல்லில் கட்டு.
"கல்லு ஏது அங்கன, எல்லாம் மணலு."
மணலையே கட்டலாம் என்று
காலி சிமென்ட் சாக்கு பத்து கொடுத்தேன்.
அதற்கு விலை போடவில்லை.
அடுத்து வந்தவருக்குப் போட்டேன்.

அது வரவில்லை.
வடக்கே திரும்பி, நடுக்கடலிலேயே
வலுவிழந்தது என்று டிவியில் சொன்னபோது
மிச்சமிருந்த தார்ப்பாயைத்தான் முதலில் எண்ணினேன்.
நாற்பத்தொன்று.
அப்புறம் "நல்லவேளை" என்றேன்.
கேட்க யாருமில்லை.
இருந்தாலும் சத்தமாகச் சொன்னேன்.

நான்காம் நாள் பீவி மறுபடி நின்றாள்,
கையில் இரண்டு கட்டுக் கயிறு.
ஒன்று பிரிக்காதது.
இன்னொன்றில் பல்லால் கடித்து அவிழ்த்த தடம்,
சுருளுக்குள் மணல்.
"ஒண்ணை மட்டும் எடுத்துக்கிறியளா?
படகுக்கு டீசல் போடணும்."

என் தலைக்கு மேல் சிவப்பு எழுத்தில்
விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது.
மாமனார் எழுதி மாட்டியது.
நிமிர்ந்து பார்க்காமல்
கல்லாவைத் திறந்து அறுநூற்று நாற்பது எண்ணினேன்.

அவள் மடியில் முடிந்துகொண்டிருந்தாள்.
மேசையில் போன் ஒருமுறை அதிர்ந்தது.
அந்தமான் அருகே புதிய காற்றழுத்தத் தாழ்வு.
நான் வாசித்துச் சொல்லவில்லை.
என் முகத்தைப் பார்த்தாள்,
"மறுபடியுமா?" என்றாள்.

முடிச்சை அவிழ்த்தாள்.
அதே கட்டு, அதே விலை.
கூட நாலு போல்ட்,
அது கடன்.

நோட்டில் ஒரே தேதியில் இரண்டு வரி,
வாங்கியது, விற்றது.
நடுவில் ஒரு கால் மணி நேரம்
அவள் வீட்டுக்கு மேலே
வெறும் வானம் இருந்தது.