ஏழாம் நம்பர் பெட்டி

ராயபுரம், பள்ளிக்கூட ஹால்.
ஹங்கேரிக்காரர்கள் வாத்தியம், நாற்பத்தோரு பெட்டி.
ஏழாவது ஆள் உயரம்.
நானும் எபினேசரும் தூக்கினோம்,
பிணம் தூக்குவதுபோல் பேச்சில்லாமல்.
"மெதுவா" என்பதற்கு அவர்கள் பாஷையில் என்னவோ,
படிக்குப் படி
அதையே சொல்லிக்கொண்டு வந்தாள் அந்தம்மா.

ஒன்பதுக்குத் திரும்ப ஏற்றணும்.
லாரி நிழலில் பீடி.
உள்ளே வயலின்கள்
காசிமேட்டு ஏலம்போல் ஒன்றின்மேல் ஒன்று.
எனக்குப் பிடிபடவில்லை.

சட்டென்று எல்லாம் ஓய்ந்து
அடியிலிருந்து ஒரு குரல்.
ஹார்பரில் கப்பல் திரும்பும்போது
தரைக்குத் தெரியுமே, அது.
முழங்காலில் வந்து மோதியது.

எபினேசர் வாயிலிருந்து பீடியை எடுத்தான்.
"ஏழு."

ஒன்பதே காலுக்கு ஏற்றினோம்.
அதே கனம்தான்.
அந்தம்மா இந்தமுறை
ஒன்றும் சொல்லவில்லை.