மழுங்கிய இலக்கம்

தீப்பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தார் ஆர்ன்ஃபின்:
கோடையில் வலையில் சிக்கிச் செத்த ஆலாவின்
கால்வளையம்.
உப்பு தின்றதுபோக மிச்சம்
நான்கு, ஒன்பது, ஒரு மழுங்கல்,
ஏழு, இன்னொரு மழுங்கல்.

ட்ரம்சோவில் மணி மூன்று. வெளியே இருட்டிவிட்டது.
சோம்பலில், நான்கு ஒன்பதுக்குப் பின்னால்
நட்சத்திரக்குறி ஒன்றைத் தட்டினேன்.
வானமே திரையில் வந்து இறங்கியது:
வாத்து, பருந்து, யாரோ தவறாகப் பதிந்த கோழி.
எதையும் விழுங்கும் குறி அது.

கேள்விக்குறி அப்படியல்ல.
ஒன்றுக்கு ஒரே ஓர் இலக்கம்தான்,
கூடவும் கூடாது, குறையவும் கூடாது.
மழுங்கிய இடங்களில் இரண்டைப் போட்டேன்.
முப்பத்தெட்டு.
ஆலா மட்டும் என்றேன். ஐந்து.
மூன்று முன்பே இறந்தவை.

மிஞ்சிய இரண்டும்
ஒரே தீவு, ஒரே கூடு, ஒரே ஜூலைக் காலை.
ஒன்று ஆறில் முடிகிறது, மற்றது ஏழில்.
'இரண்டாவது என் கட்டைவிரலைக் கொத்தியது'
என்று எழுதியிருக்கிறாள் தூருன்.

உருப்பெருக்கியில் வெகுநேரம் பார்த்தேன்,
ஆறின் வயிறா, ஏழின் காலா என்று.

தேடும்போது கேள்விக்குறியை வாங்கிக்கொள்ளும் இயந்திரம்
இறப்புப் பத்தியில் வாங்குவதில்லை,
சிவப்பாக மினுக்குகிறது.

தீப்பெட்டியை மூடி இழுப்பறையில் வைத்தேன்.
பதிவேட்டின்படி இன்றிரவு
தென்கடலின் மேல்
இரண்டும் பறக்கின்றன.