செவ்வாய்க்கிழமை மிசின்

லாங்கெந்தாலில், தண்டவாளத்துக்குப் பின்னால்,
எங்கள் கட்டடத்தில் ஒன்பது வீடு, ஒரு சலவை மிசின்.
நிலவறைக் கதவில் தொங்குகிறது அட்டவணை.
எனக்கு விழுந்தது இரண்டு கிழமைக்கு ஒரு செவ்வாய்,
காலை ஏழு முதல் இரவு எட்டு வரை.
கல்யாண நாள் தள்ளிப்போனாலும் போகும் இந்த நாட்டில்,
சலவை நாள் தள்ளிப்போகாது.

வந்த புதிதில் ஒரு செவ்வாய்
மிசினுக்குள் யாருடையதோ திங்கட்கிழமை கிடந்தது,
ஈரமாய்.
இழுத்துத் தரையில் போட்டேன்.
நடுவே என் உள்ளங்கை அளவில் ஒரு கால்சட்டை.
பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.
சீமெந்துத் தரை, கழுவாத தரை.
நாலு வருஷமாய் இதை ஒருவருக்கும் சொன்னதில்லை.

இந்த மாசியில்,
முதியோர் இல்லத்துச் சமையலறையில்
பாத்திரம் கழுவுகிறவள் வரவில்லை.
"நீங்கள் நின்று செய்வீர்கள்தானே?" என்றார் பொறுப்பாளர்.
கேள்வி மாதிரித்தான் இருந்தது.
நூற்றிப்பத்தாவது சூப்புக் கிண்ணத்தை அடுக்கும்போது
நெஞ்சில் தட்டியது: என் உடுப்பு, மிசினுக்குள்.
மணி எட்டேகால்.

பனிக்குள் நடந்தபடி ஜெர்மன் வசனம் கூட்டினேன்:
மன்னிப்புக்கு இரண்டு, சண்டைக்கு ஏழு.
நீட்டி ஏசினால் வினைச்சொல் கடைசியில் வரவேண்டும்,
அதில் மட்டும் அந்தப் பாஷை எங்களுடையது மாதிரி.

நிலவறை விளக்கைத் தட்டினேன்.
மேசையில் இருந்தன எல்லாம். மடித்து.
மகனின் பந்தடி ஜெர்சி, என் உள்பாவாடை,
அவரின் பழைய பெனியன்,
கிழிசல் உள்ளே போகும்படி.
காலுறைகள் சோடி சோடியாய். சோடியில்லாத ஒன்று
எல்லாவற்றுக்கும் மேலே தனியாக,
தேடினேன், கிடைக்கவில்லை என்பதுபோல.
மூன்று நிமிடத்தில் தானாய் அணையும் விளக்கு அது.
அணைந்தது.
கைப்பையோடு இருட்டில் நின்றேன்.
ஏழு வசனத்தையும் விழுங்கினேன்.

மறுநாள் பருப்பு வடை சுட்டேன்.
முதலில் இரண்டாம் மாடி, திருமதி சுர்பூகன்;
வடிகட்டியில் பஞ்சு இருந்தால் துண்டு எழுதி ஒட்டுகிறவர்.
"நானா? இல்லையே." வடையை எடுத்தார். இன்னொன்றும் எடுத்தார்.
அல்மெய்தா தம்பதி இல்லை என்றார்கள்.
இரவு வேலைக்குப் போகும் ரேட்டோ கண்ணைக் கசக்கியபடி இல்லை.
மாணவி லிரியே சிரித்தாள்,
தன் உடுப்பையே அவள் மடிப்பதில்லையாம்.
ஏழு கதவில் ஏழு "இல்லை".

எட்டாவது கதவில் தட்டுக் கனத்தது.
மெஹ்ரெத் திறந்தாள். அவள் பாவாடையைப் பிடித்தபடி
அந்தக் கால்சட்டைக்காரன், இப்போது நாலரை வயது.
"நாலு வருஷத்துக்கு முன், உங்கள் உடுப்பை, தரையில், நான்..."
வினைச்சொல் வரவேயில்லை.
அவளுக்கு விளங்கியது.
கனநேரம் கழித்துச் சொன்னாள்:
"நான் சுர்பூகன் என்று நினைத்தேன்.
இத்தனை வருஷமும் அவருக்கு முகம் கொடுக்கவில்லை."
மன்னித்தாளா, தெரியாது.
வடை எடுத்தது பையன்தான்.
பெனியனைப் பற்றிக் கேட்க மறந்தேபோனேன்.

அன்று மாலை ஒரு செருப்புச் சத்தம் படியிறங்கி
இரண்டாம் மாடியில் நின்றது. மணி அடித்தது.
அடுப்பைக் குறைத்துவிட்டு ஒட்டுக் கேட்டேன்.
இரண்டு குரல். பிறகு கதவு சாத்தும் சத்தம்,
ஆனால் யாரும் படியேறவில்லை.

ஏழு பேரில் ஒருவர் பொய் சொல்லியிருக்கிறார்,
இல்லையென்றால் அவள்.
யாரென்று தெரிந்திருந்தால்
ஒரு தட்டு வடையோடு கணக்குத் தீர்ந்திருக்கும்.
இப்போது படிக்கட்டில் எல்லோருக்கும்
வணக்கம் சொல்லித் தொலைக்கவேண்டியிருக்கிறது,
ரேட்டோவின் நாய்க்கும் சேர்த்து.

போன செவ்வாய் மிசினைத் திறந்தால்
யாருடையதோ திங்கட்கிழமை, ஈரமாய்.
காயப்போட்டேன். மாலையில் மடித்தேன்.
துவாய், சட்டை, ஒரு கிழவரின் நீளக் காலுறை.
கடைசியில் நாலு மூலையும் எலாஸ்டிக் வைத்த கட்டில் விரிப்பு.
அதை மடிக்க எனக்கு இன்னும் வரவில்லை.
முன்னும் பின்னும் புரட்டினேன்,
விளக்கு இரண்டு தரம் அணைந்தது.
உருட்டி மேலே வைத்துவிட்டு வந்தேன்.