ஒரு மணி நேரப் பிழை

படிவத்தில் இரண்டே கட்டங்கள்.
ஆய்வாளர். அலுவலர்.
மூன்றாவது வருடமாக என் பேனா
இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.
மனிதவளப் பிரிவின் ஓர்டென்சியா
கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறாள்:
"போன முறை உன்னை
லிஃப்ட் பராமரிப்பவர்களோடு சேர்த்தேன்.
ஆட்சேபம் ஏதும் வரவில்லையே."
அவர்களிடமிருந்தா, என்னிடமிருந்தா என்று
நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கான்செப்சியோனில் ஜூன் மழை
விறகுப் புகையையும் நனைத்துவிடும்.
மூன்றாம் மாடி, அலையியல் துறை,
பிரின்டருக்குப் பக்கத்தில் என் மேசை.
முனைவர் பட்டத்தைப் பாதியில் விட்டவள்
என்று அறிமுகப்படுத்துவார்கள்.
விடவில்லை.
ஆய்வேட்டுக்காக எழுதிய நிரல்
ஆய்வேட்டைத் தின்றுவிட்டது.
முதலில் ஆறு பேர் கேட்டு வாங்கினார்கள்,
பிறகு அறுபது பேர்.
பட்டம் இருக்கிறதா என்று
அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு செவ்வாயன்று நிபால்டோ வந்தான்,
சட்டைக்குள் நனையாமல் ஒளித்த வரைபடத்தோடு.
"தால்காவானோ துறைமுக அளவி ஒரு நேரம் சொல்கிறது,
நம் மாதிரி ஒரு நேரம் சொல்கிறது.
ஒரு மணி நேரம் இடிக்கிறது.
எப்போதும் இல்லை, சில மாதங்களில் மட்டும்.
கடலடித் தரையின் உராய்வாக இருக்குமோ?"
அதற்கொரு கட்டுரைத் தலைப்புகூட
யோசித்து வைத்திருந்தான், பாவம்.

இயற்கை இத்தனை கச்சிதமாகத் தவறாது.
சரியாக அறுபது நிமிடம் என்றால்
அது யாரோ ஒருவருடைய கை.

பதினோராயிரம் வரிகள்.
நடுநடுவே முன்னால் இருந்தவர்களின் குறிப்புகள்:
தொடாதே.
இது ஏன் ஓடுகிறதென்று தெரியவில்லை.
ஓரிடத்தில், எதற்கென்று சொல்லாமல்,
மன்னிக்கவும்.
நான்காம் நாள் இரவு அகப்பட்டது,
அளவியின் நேரத்தை
ஊர்க் கடிகாரப்படி வாசித்த ஒற்றை வரி.
அரசு கோடைக்குக் கடிகாரத்தை முன்னே தள்ளும்,
குளிருக்குப் பின்னே இழுக்கும்.
ஒரு வருடம் இழுக்காமலே விட்டுவிட்டது.
கடலுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

அலை கிளம்பினால் இருபது நிமிடத்தில்
கரையேறிவிடும் ஊர் இது.
இதில் ஒரு மணி நேரம்.
நல்லவேளை, எச்சரிக்கை மையம்
எங்கள் நிரலை நம்பியிருக்கவில்லை.
ஐந்து கட்டுரைகள் நம்பியிருந்தன.
மூன்று பேராசிரியர் எட்செவெரியுடையவை.

அவர் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தார்.
"வேறு யாருக்குத் தெரியும்?"
என் வயிறு கலங்கியது.
"நிபால்டோவுக்கு."
"போதாது. எல்லாருக்கும் எழுது.
நான் கையெழுத்துப் போடுகிறேன்."
ஐந்து திருத்தங்கள், ஐந்து சங்கடமான கடிதங்கள்.
ஒரு வாரம் அவர் என்னோடு தேநீர் குடிக்கவில்லை.
பிறகு குடித்தார்.

ஆண்டறிக்கை கேட்டது:
இந்த வருடம் வெளியிட்டவை?
பூஜ்யம்.
எழுதிய வரிகள்?
கழித்தல் எட்டாயிரத்து நானூறு என்று எழுதினேன்.
கணினி ஏற்கவில்லை,
அந்தக் கட்டம் எதிர்ம எண்ணை எடுக்காதாம்.
அதை யார் எழுதினார்களோ.

அந்தோஃபகாஸ்தாவின் செம்புச் சுரங்கத்திலிருந்து
அழைப்பு வந்தது.
சம்பளம் மூன்று மடங்கு.
அங்கே என் வேலைக்குப் பெயர் உண்டு,
பெயரோடு அட்டை உண்டு,
மழையே கிடையாது.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
இன்னும் சொல்லவில்லை.

நிபால்டோவின் புதிய கட்டுரை வரைவு வந்தபோது
வழக்கம்போல் கடைசிப் பக்கத்துக்குப் போனேன்.
நன்றி: மைத்தேன் ஒயார்சோ.
ஒயார்சூன், ஐயா.
பிழைப்பட்டியலில் பதிந்தேன்,
எண் நானூற்றுப் பன்னிரண்டு:
பெயரில் எழுத்துப்பிழை. தீவிரம்: குறைவு.

திங்களன்று "தீர்ந்தது" என்று மூடியிருந்தான்.
திறந்து பார்த்தால்
நன்றியில் என் பெயரே இல்லை.
ஒரு கணம் செம்பு நிறத்தில் கோபம் வந்தது.
பிறகு முதல் பக்கம்:
நான்கு ஆசிரியர்கள்.
இரண்டாவது, எழுத்துப்பிழை இல்லாமல்.

படிவம் இன்னும் மேசைமேல் இருக்கிறது.
ஒப்பந்தம் டிசம்பர் வரை.
வரும் ஞாயிறு கடிகாரம் மாறும்.
அதற்கு ஒரு சோதனை எழுதி வைத்திருக்கிறேன்.