நூற்று நாற்பது

நோர்வூட் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது.
ஜன்னல்களை இழுத்து மூடினோம்.
மூடாத ஒன்றில்
யாரோ அரிசிப் பையைத் திணித்தார்கள்.

என் மடியில் முப்பது முட்டை.
அட்டைத் தட்டு, குறுக்கே சணல் கட்டு.
ஹட்டனில் ஏறியதிலிருந்து
தொடைகளைச் சேர்த்து, மூச்சை அளந்து
அடைக்கோழி மாதிரி வருகிறேன்.

பக்கத்தில் ஒருத்தி.
பாமசிச் சட்டை. சுபோதினி என்று பெயர் அட்டை,
கழற்ற மறந்திருக்கிறாள்.
கையில் போன். போனில் ஒரு சிவப்புப் பந்து.

பந்து தானாகவே துள்ளும்.
எதிரே முள், சுவர், சுழலும் வாள்,
தரை இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லாமை.
தட்டினால் மேலே.
தட்டாவிட்டால் அவ்வளவுதான்.
யோசிப்பவர்களுக்கான விளையாட்டு இல்லை இது.

திரையின் மூலையிலிருந்து ஒரு வெடிப்பு.
அதுவும் ஒரு தடையென்று நினைத்து
நான் இரண்டு தடவை பதறினேன்.

முப்பதில் செத்தாள். பன்னிரண்டில். பிறகு ஏழில்.
ஏழுக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
திரும்பிப் பார்த்தாள்.
போனைக் கொஞ்சம் என் பக்கமாய்ச் சாய்த்தாள்.

அதன்பின் அது எல்லோருடைய பந்து.
கம்பியில் தொங்கியவர்கள் குனிந்தார்கள்.
பின்சீட்டிலிருந்து கோவா மூட்டையோடு
ஒரு சிங்கள அம்மா கழுத்தை நீட்டினார்.
இருபது ரூபா மிச்சம் தர வந்த கொண்டக்டர்
அதைத் தராமலே நின்றார்.
பஸ் இடப்பக்கம் வளைய
பந்து வலப்பக்கம் பாய
எந்தப் பக்கம் சாய்வதென்று வயிறு குழம்பியது.

எண்பது.
நூற்றிரண்டு.
மேலே சின்ன எழுத்தில், அவளுடைய அதிகூடியது: நூற்று நாற்பது.
நூற்றுப் பதினைந்தில் ஒருவர் இறங்கவேண்டிய இடம் போய்விட்டது.
கொண்டக்டர் விசிலை வாயில் வைத்திருந்தார், ஊதவில்லை.
இறங்கவேண்டியவரும் கேட்கவில்லை.

நூற்று முப்பத்தெட்டு
முப்பத்தொன்பது
நாற்பது, இன்னும் ஒன்று, ஒன்றே ஒன்று

பிரேக்.

நான் முட்டைமேல் கவிழ்ந்தேன்.
கோவா ஒன்று உருண்டு முன்னுக்குப் போனது.
அவள் பெருவிரல் காற்றைத் தட்டியது.
பந்து, இல்லாத தரையில் விழுந்தது.

ஐயோ! என்றோம் முழுப் பஸ்ஸும்.
பின்சீட்டு அம்மாவும் அதையேதான் சொன்னார்;
அந்தச் சொல்லுக்கு ஒரு மொழியே போதும்.

டிரைவர் திரும்பினார்.
அதுவரை அவர் எங்களுக்கு ஒரு பிடரி, ஒரு நீலத் துவாய்.
நெற்றியெல்லாம் வியர்வை, அந்தக் குளிரில்.
"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க" என்றார்.

அப்போதுதான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தோம்.
பாதி ரோட்டில் சிவப்பு மண்,
வேர் மேலே காட்டிக்கொண்டு நாலைந்து தேயிலைச் செடி.
மீதிப் பாதி கீழே,
ஆற்றுச் சத்தம் வருகிற பக்கம்.
சில்லுக்கும் அதற்கும் நடுவில்
ஒரு பாய் விரிக்கலாம். சின்னப் பாய்.

எங்களுக்காகக் கத்தினோம் என்று
அவர் நினைத்துக்கொண்டார்.
யாரும் திருத்தவில்லை.

கொண்டக்டர் மழையில் குதித்தார்.
பஸ் பின்னுக்கு ஊர்ந்தது.
வெளியிலிருந்து தகரத்தில் அவர் கை:
தட், தட், வரலாம்.
தட்! நில்.

திரையில் மறுபடியும் ஆடவா என்று ஒரு பொத்தான்
மினுக்கிக்கொண்டே இருந்தது.
அவள் அதைத் தொடவில்லை.
தகரத்தில் விழும் ஒவ்வொரு தட்டுக்கும்
அவள் பெருவிரல் மட்டும் லேசாய் எழும்பி அடங்கியது.

"முட்டை?" என்றாள்.
சணலுக்கடியில் விரல் விட்டுப் பார்த்தேன்.
ஒன்று ஈரம்.
மற்றதை எண்ணத் துணிவில்லை.