பதினேழரை அடி

நடக்கிறவர்கள் முடிக்கும் இடத்தில்தான்
நான் வேலையைத் தொடங்கினேன்.
நடுவில் ஒரு கம்பி, கம்பியில் நைலான் கயிறு,
கயிற்றின் மறுமுனையில் மல்லப்பா,
அவர் கையில் ஓட்டை போட்ட பால் கவர்,
கவர் நிறையச் சுண்ணாம்புத் தூள்.

நடு என்பது நாங்கள் தேர்ந்ததல்ல.
லிங்கராஜபுரம் ஆலய வளாகத்தில்
ஆயிரத்து நூறு அடி துளைத்தும்
தூசி மட்டுமே துப்பிய போர்வெல் ஒன்று
இரும்பு மூடி போட்டு உட்கார்ந்திருந்தது.
அதை நகர்த்த முடியாது.
சரி, தடம் அதைச் சுற்றட்டும் என்றேன்.

கமிட்டியில் பொருளாளர் எபநேசர் கேட்டார்:
"விளிம்பிலிருந்து மூடிக்கு இருபது அடி.
அதற்கு எதற்கம்மா ஐந்நூறு அடி நடக்க வேண்டும்?"
ஹெப்பாளில்
எதிரே தெரியும் வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் போய்
யூ-டர்ன் அடிக்கிறோமே சார், என்றேன்.
ஆயர் சிரித்தார்.
எபநேசர் சிரிக்கவில்லை. பதினோரு கார் நிற்கும் இடம் என்று
மினிட்ஸில் எழுதச் சொன்னார்.

இதில் தொலைய முடியாது, அதுதான் விஷயம்.
முட்டுச்சந்து இல்லை. இடமா வலமா என்ற கேள்வி இல்லை.
ஒரே தடம்.
கை நீட்டினால் மூடியைத் தொடலாம் என்னும்போது
வெளிப்பக்கம் துரத்திவிடும்.
முதல் தடவை நடந்து பார்த்துவிட்டு
மல்லப்பா கன்னடத்தில் சொன்னார்,
நம்ம பில் பாஸாகிற மாதிரியே இருக்கு மேடம்.

ஏழு சுற்று. சுற்றுக்கு இரண்டரை அடி.
சாதரஹள்ளிக் கல். நான்கு வாரம், இரண்டு மழை.
ஒருநாள் கல்யாண ஷாமியானாக்காரர்கள்
மூன்றாம் சுற்றில் குழி தோண்டிக் கழி நட்டுவிட்டுப் போனார்கள்.

ஞாயிறன்று ஜெபம் செய்து திறந்தார்கள். கேக் வெட்டினார்கள்.
திங்கள் காலை ஐந்தே முக்காலுக்கு
மறந்துவிட்ட மட்டப்பலகையை எடுக்கப் போனேன்.

எபநேசர்.
சக்கர நாற்காலியில் அவர் மனைவி ஹெப்சிபா,
கால்மேல் ஸ்வெட்டர்.
அவருக்கு இப்படி என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை.

முதல் திருப்பத்தில் சக்கரம் கல்லில் இடித்தது.
பின்னால் இழுத்தார். மறுபடி இடித்தது.
சுற்றுமுற்றும் பார்க்காமல்
முன்சக்கரத்தைத் தூக்கிக் கல்வரிசைக்கு அப்பால் வைத்தார்,
மறுபடி தூக்கி, அடுத்த வரிசைக்கு அப்பால்.
மூடிக்கு நேராக, இருபது அடி,
கமிட்டியில் அவர் சொன்ன கணக்குப்படியே.
அந்த அம்மா மட்டும் தலை திருப்பி
விட்டுப்போன வளைவுகளை
ஆள்காட்டி விரலால் காற்றில் வரைந்துகொண்டே போனார்.

ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் நின்று
பெருக்கிப் பார்த்தேன்.
ஏழு இரண்டரை பதினேழரை.
ஐந்து மூன்றரையும் பதினேழரை.
அதே நிலம், அதே மூடி.
இரண்டு சுற்றை விட்டுக்கொடுத்திருந்தால் போதும்.

மறுபடி கம்பி, கயிறு, பால் கவர்.
"ஹோக்லி பிடி மேடம்" என்றார் மல்லப்பா.
போகட்டும் விடுங்கள் என்று அர்த்தம்.
சொல்லிக்கொண்டே
முதல் கல்லைப் பெயர்த்தது அவர்தான்.

கூடுதல் வேலைக்கு பில் போட்டேன்.
இலவசமாகச் செய்தேன் என்று எழுதினால்
இந்தக் கவிதைக்கு நன்றாக இருக்கும்,
மல்லப்பா வீட்டு வாடகைக்கு இருக்காது.
எபநேசர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
வரி வரியாகப் படித்தார்.
மணலில் நானூறு ரூபாய் குறைத்தார்.
திருப்பத்தின் அகலம் என்ற வரியில்
பேனா கொஞ்சம் நின்றது.
பிறகு கையெழுத்து.

மிஞ்சிய கற்கள் மதிலோரம் கிடக்கின்றன.
வெளியிலிருந்து உள்ளே போவது எப்படியிருக்கும் என்று
எனக்கு இன்னும் தெரியாது,
நான் எப்போதும் கயிறு கட்டிய பக்கம்.
வளாகத்து நாய்க்கு ஐந்தும் ஒன்றுதான் ஏழும் ஒன்றுதான்.
குறுக்கே ஓடிப்போய்
வெயிலில் சூடேறிய மூடிமேல்
மூன்று முறை தன்னையே சுற்றிவிட்டுப்
படுத்துக்கொள்கிறது.