மிதக்கும் உரிமம்

மிசிசிப்பியில் அப்போது சட்டம் இதுதான்:
தரையில் சூதாடக் கூடாது,
தண்ணீரில் ஆடலாம்.

அதனால் பருத்தி வயலைத் தோண்டி
ஆற்றைக் கொஞ்சம் உள்ளே அழைத்து
அதில் ஒரு தெப்பம் இறக்கி
தெப்பத்தின் மேல் மூன்று மாடி கட்டி
சிவப்புக் கம்பளம் விரித்தார்கள்.
எங்கேயும் போகாத கப்பல்.
நங்கூரம் மட்டும் உண்டு, வாசலில், அழகுக்கு.

புதன்கிழமைகளில் நான் போவேன்,
சட்டையில் மாநில முத்திரை, கையில் டார்ச்.
நடைபாலத்துக்கு அடியில் குனிந்து
தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை.
இருக்கும். பச்சையாக, கொசுவோடு,
கவிழ்ந்த ஒரு பிளாஸ்டிக் கோப்பையோடு.
'ஆம்' கட்டத்தில் குறியிடுவேன்.

பிறகு இயந்திரங்களின் வயிற்றைத் திறந்து
சில்லின் மேல் ஒட்டிய நாடா கிழிந்திருக்கிறதா என்று.
நூறு விழுங்கினால் எண்பதாவது கக்க வேண்டும்.
மீதியில் எங்களுக்கும் பங்கு.
பள்ளிக்கூடத்துக்குப் புதுக்கூரை வந்தது அதில்தான்;
ஒழுகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சீட்டுப் போடும் வேலைக்கு
வெர்லின் ஹாஸ்கின்ஸ் மனுச் செய்திருந்தாள்.
அவள் பத்து விரல் ரேகையும் ஜாக்சன் போய்த் திரும்பின:
பத்தொன்பது ஆண்டுக்கு முன், மளிகைக் கடை,
பணமில்லாத காசோலை, பதினோரு டாலர்.
படிவத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தாள்.
"எதற்கு வாங்கியது?"
"பால்மாவு. அதற்குக் கட்டம் எங்கே இருந்தது?"

அதே வாரம் முதலாளியின் கோப்பும் வந்தது.
மூன்று முறை திவால், நாலு கோடி நிலுவை,
எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்
வக்கீல் வைத்து, பக்க எண் போட்டு.
தகுதியானவர்.
அவள், மறைத்தவள்.
இரண்டிலும் கீழே என் கையெழுத்து,
ஒரே பேனா.

ஆகஸ்டில் ஆறு வற்றியது.
குனிந்து பார்த்தேன்: சேறு.
கப்பல் தரையில் உட்கார்ந்திருந்தது,
மேலே எண்ணூறு பேர் சட்டவிரோதமாக
ஆடிக்கொண்டிருந்தார்கள், தெரியாமல்.
தகவல் சொன்னேன்.
இரவோடு இரவாகத் தீயணைப்பு வண்டி வந்து
கப்பலுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனது.
காலையில் 'ஆம்'.

வண்டி நிறுத்துமிடத்தில் வெர்லின் நின்றாள்,
ஐஸ்பெட்டியில் ஆவி பறக்கும் டமாலே,
மக்காச்சோள மட்டையில் சுற்றியது.
அதை விற்கவும் உரிமம் வேண்டும்.
அவளுக்கும் தெரியும், என் முத்திரையைப் பார்த்தாள்.
மூன்று கேட்டேன்.
மீதிச் சில்லறையை
இரண்டு முறை எண்ணிக் கொடுத்தாள்.